அந்தத் துளியில் இருந்தது யார்

சுகமாக முடிந்த கதை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளினிக் கதிரைகளில் காத்துக் கிடந்த காலத்தில் இப்படியான அனுபவக் கதைகளைப் போனில் தேடித் தேடிப் படித்தேன். ஒவ்வொன்றிலும் கடைசிப் பந்திக்கு முதலில் ஓடிப்போய், பிள்ளை பிறந்ததா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே வந்து வாசிப்பேன். பிறக்கவில்லை என்றால் மூடிவிடுவேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த துணிவு அவ்வளவுதான். இதை வாசிக்கிறவர்களிலும் அப்படியான ஆட்கள் இருக்கலாம். ஆகவே சொல்கிறேன், பிள்ளை பிறந்தது. பக்கத்து அறையில் தூங்குகிறது. ஆறுதலாக வாசியுங்கள்.

என் பெயர் ரெஜினா. வயது முப்பத்தொன்பது. திருகோணமலையில் குடிநீர் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. திரியாயிலிருந்து கிண்ணியா வரைக்கும் கிணறு, தாங்கி, குழாய் என்று ஓடித்திரிந்து தண்ணீர் எடுத்துவந்து, அதில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறவள். கணவர் சீலன் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் திருத்துகிறார். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் வீடு. சீலனின் அம்மா, என் மாமி, எங்களோடு இருக்கிறார். வீட்டில் மூன்று பேர். நாலாவது ஆளுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

மூன்று தடவை வயிற்றில் தங்கியது. மூன்று தடவையும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. முதல் இரண்டும் தானாக வந்தவை. மூன்றாவது கொழும்பில் செயற்கைமுறைக் கருக்கட்டல் செய்து வந்தது. அதுவும் போனபோது, போனதைச் சோதனைக்கு அனுப்பினார்கள். நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருந்தது என்று முடிவு வந்தது. நம் உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பரம்பரைச் செய்தியைச் சுமக்கிற நூல் போன்ற நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. பெண்ணுக்கு வயது போகப் போக, முட்டை அவற்றைச் சரியாகப் பங்கிடத் தடுமாறும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கரு பெரும்பாலும் நிலைக்காது. இதைக் கேட்டபோது எனக்கு அழுகைக்கு முன்னால் ஆறுதல்தான் வந்தது. பஸ்ஸில் போனதால், படி ஏறியதால், பப்பாசிப்பழம் தின்றதால் என்று ஊர் எனக்குத் தந்திருந்த காரணங்கள் எல்லாம் அன்றைக்கே செத்துப்போயின.

ஆறுதல் வீடு வரும் வரைக்கும்தான். பிறகு பயம் வந்தது. இன்னொரு தடவை கரு தங்கி, இன்னொரு தடவை அந்த இரத்தத்தைக் கண்டால் நான் எழும்ப மாட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிள்ளை இல்லாமல் இருந்துவிடலாம். அதற்கு மனம் பழகிவிடும். வந்து போவதைத்தான் தாங்க ஏலாது. சீலனிடம் அதை அப்படியே சொன்னேன். அவர், "கடைசியா ஒருக்காப் பாப்பம் ரெஜி. உமக்கு ஏலாதெண்டா அதோட விடுவம்" என்றார்.

கொழும்பில் எங்களைப் பார்த்த டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வேகமாகக் கதைப்பார். ஆனால் கேள்வி கேட்டால் எரிந்து விழமாட்டார். அதனால்தான் அவரிடமே திரும்பப் போனோம். இந்த முறை முளையத்தைச் சோதித்துப் பார்த்துக் கருப்பையில் வைக்கலாம் என்றார். முளையம் என்றால் வேறொன்றுமில்லை. கருக்கட்டிய முட்டை ஆய்வுகூடத்தில் ஐந்தாறு நாள் வளர்ந்த நிலை. வழக்கமான சோதனையில் அதிலிருந்து சில கலங்களைக் கிள்ளி எடுத்து அனுப்புவார்களாம்.

சீலன் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாத கத்தோலிக்கர், கருவும் அவருக்கு முழு உயிர். கதிரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியே விட்டார். "கிள்ளிறதோ? அது இப்பத்தான் வந்திருக்கு, டொக்டர்."

"பயப்பிடாதேங்கோ, பிறகு நச்சுக்கொடியா வாற கலங்களைத்தான் எடுக்கிறது" என்றார் டொக்டர். சீலனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தொடாமப் பாக்கிற முறையொண்டும் இப்ப வந்திருக்கு. முளையம் ஒரு சின்னத் துளித் திரவத்துக்குள்ளதான் வளருது. வளரேக்க தன்ர டி.என்.ஏ. துண்டுகளைக் கொஞ்சம் அந்தத் துளிக்குள்ள விடும். நாங்கள் முளையத்தை எடுத்து உறைய வைச்சிடுவம். மிஞ்சிற துளியை இந்தியாவில இருக்கிற ஆய்வுகூடத்துக்கு அனுப்புவம். நிறமூர்த்தம் கூடவோ குறைவோ எண்டு அதில பாப்பினம்" என்றார்.

"பிள்ளை குளிச்ச தண்ணியைச் சோதிக்கிற மாதிரி?" என்று கேட்டார் சீலன்.

"கிட்டத்தட்ட."

சீலன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வீட்டில ஒராள் தண்ணி பாக்கிறது காணாதெண்டு இந்தியாவிலயும் பாக்கப் போறாங்கள்" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் ஒரு கிளினிக்குக்குள் இருந்து சிரித்தேன்.

டொக்டர் எங்களைச் சிரித்து முடிய விட்டு எச்சரித்தார். இது தீர்ப்புச் சொல்லும் சோதனை இல்லை, இருக்கிறவற்றில் எதை முதலில் வைப்பது என்று வரிசை சொல்லும் சோதனை, புதிய முறை, பிழைக்கவும் கூடும் என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஓம் ஓம் என்று தலையாட்டினோம். அந்த இடத்தில் யாருமே சரியாகக் காது கொடுத்துக் கேட்பதில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை. மாமிக்குத் தெரிந்தால் கோயில் முழுக்கத் தெரியும். நல்ல மனதோடுதான் சொல்லுவார், ஆனால் சொல்லுவார். முட்டை வளர்க்கிற ஊசிகளின் கடைசி நாட்களுக்கும் முட்டை எடுப்பதற்குமாகக் கொழும்பில் ஒரு கிழமை நிற்க வேண்டியிருந்தது. என்ன சொல்லுவது என்று யோசித்து, மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி, அங்கே போய்த் தங்கி வருகிறோம் என்று சொன்னோம். கத்தோலிக்கக் குடும்பத்தில் இதைவிட மடைத்தனமான பொய் இருக்க ஏலாது. அடுத்த நாளே அயலுக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருவர் மெழுகுதிரி தந்து கொளுத்தச் சொன்னார். ஒருவர் மகனின் பரீட்சைக்கு மன்றாடச் சொன்னார். மாமி மடு மண் கொஞ்சம் கட்டாயம் வேண்டும் என்றார், பூச்சி பூரான் வீட்டுக்குள் வராமல் இருக்க. நாங்கள் கொழும்புக்கு ரயில் ஏறியபோது ஒரு பை நிறைய ஊராருடைய மெழுகுதிரி எங்களோடு வந்தது. முட்டை எடுத்து மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பை இருந்தது. தாதி ஒருத்தி அதைத் திறந்து பார்த்துவிட்டு, கடை வைத்திருக்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டாள்.

என்னை ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டுச் சீலன் தனியாக மடுவுக்குப் போனார். எல்லா மெழுகுதிரியையும் கொளுத்தி, எல்லாருக்காகவும் பெயர் சொல்லி மன்றாடி, மண்ணும் எடுத்துக்கொண்டுதான் வந்தார். பொய்யை இப்படி மெய்யாக்கிய மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முட்டைகள் கொஞ்சம்தான் கிடைத்தன. கருக்கட்டி, வளர்ந்து, கடைசியில் இரண்டு முளையங்கள் மிஞ்சின. ஒன்று நல்ல வடிவு என்றார் ஆய்வுகூடத்துப் பெண். உருண்டை திருத்தமாக, கலங்கள் நெருக்கமாக, புத்தகத்தில் படம் போடலாம் என்றார். மற்றது பிந்தி வளர்ந்தது. ஒரு பக்கம் கோணிச் சொத்தியாக, கலங்கள் ஐதாக இருந்ததாம். போன தடவை வடிவைப் பார்த்துத்தான் எனக்கு வைத்தார்கள். இரண்டையும் உறைய வைத்து, அவை கிடந்த இரண்டு துளிகளையும் அனுப்பினார்கள்.

காத்திருந்த நாட்களில் வேலைக்குப் போனேன். வீட்டுக்கு வெளியே எல்லாம் தெரிந்த ஒரே ஆள் ரிஸானா. எங்கள் ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்கிற கிண்ணியாப் பிள்ளை. எனக்குப் பாரம் தூக்க விடமாட்டாள். தண்ணீர்ப் போத்தல் பெட்டியை நான் தொட்டாலே பறித்துவிடுவாள். நான் ஒன்றும் கதைக்காமல் இருந்தால் அவளும் கதைக்கமாட்டாள். அந்த ஒன்றுக்காகவே அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மற்ற எல்லோரும் ஏதாவது சொல்லித் தேற்றப் பார்க்கிறார்கள். அது எவ்வளவு களைப்பு என்று தேற்றுகிறவர்களுக்குத் தெரியாது.

முடிவு வந்தது. கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். வடிவான முளையத்தின் துளியில் பல நிறமூர்த்தங்கள் கூடிக் குறைந்து குழம்பிக் கிடந்தன. சொத்தியாக இருந்ததன் துளியில் ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாம் சரியான கணக்கு.

"அப்ப வடிவில்லாததைத்தான் வைக்கிறம்" என்றார் டொக்டர்.

"பரவாயில்லை. எங்கட வீட்டில ஆர் வடிவு?" என்றார் சீலன்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்று சொல்வதற்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு குழாயில் சோதனைக்குத் தண்ணீர் எடுப்பதென்றால் நாங்கள் முதலில் குழாயின் வாயை நெருப்புக் காட்டிச் சுடுவோம். பிறகு தண்ணீரைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, கிருமியழித்த போத்தலில் பிடிப்போம். சுடாமல் பிடித்தால், அந்தக் குழாயில் கை வைத்த ஆட்களின் அழுக்கும் போத்தலுக்குள் போகும். ஆய்வுகூடம் பிழை விடாது, கருவியும் பிழை விடாது, முடிவு மட்டும் பிழை. தண்ணீரைச் சோதித்தோம் என்று நினைத்துக்கொண்டு குழாய் வாயைச் சோதித்திருப்போம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யார் என்ன முடிவு கொண்டுவந்தாலும் என் வாயில் வருகிற முதல் கேள்வி, சுட்டீர்களா என்பதுதான்.

முட்டை தாயின் உடம்புக்குள் இருக்கும்போது தாயின் சின்னச் சின்னக் கலங்கள் அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் என்று வாசித்திருந்தேன். ஆய்வுகூடத்தில் அவற்றைக் கழுவி நீக்குவார்கள். ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு கிடந்தால்? அது தன் டி.என்.ஏ.யைத் துளிக்குள் விடும். அது என்னுடையது. என் நிறமூர்த்தக் கணக்கில் ஒரு குறையும் இல்லை என்று இரத்தச் சோதனையில் முன்பே பார்த்திருந்தார்கள்.

"டொக்டர், அந்த நல்ல முடிவு என்ர முடிவா இருந்தா?" என்று கேட்டேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கு. இந்த முறையில இருக்கிற பெரிய சிக்கலே அதுதான். வடிவாக் கழுவித்தான் வைச்சனாங்கள், நடுவில துளியையும் மாத்தினனாங்கள். எண்டாலும் சத்தியம் பண்ண ஏலாது. தாயின்ர இரத்தத்தோட ஒப்பிட்டுப் பாக்கிற இடங்களும் இருக்கு. நாங்கள் அனுப்பின இடத்தில அந்த வசதி இல்லை."

"ஆணோ பெண்ணோ எண்டு மட்டும் சொன்னாக் காணும்."

டொக்டருக்கு உடனே விளங்கியது. சீலனுக்கு விளங்கவில்லை, ஆகவே சொன்னேன். துளியில் ஆண் என்று வந்திருந்தால் அது நானாக இருக்க ஏலாது. என்னிடம் ஆண் நிறமூர்த்தம் இல்லை. அப்போது அந்த நல்ல முடிவு பிள்ளையுடையதுதான். பெண் என்று வந்திருந்தால் அது பிள்ளையாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம்.

"ஆணோ பெண்ணோ எண்ட அந்த வரியை அவை எனக்கும் அனுப்புறதில்லை. இந்தியாச் சட்டம் விடாது. நான் கேட்டாலும் தரமாட்டினம்" என்றார் டொக்டர். "உங்களுக்கு ஏன் வேணும் எண்டு எனக்குத் தெரியும், ரெஜினா. ஆனா வேற காரணத்துக்குக் கேக்கிற ஆக்களாலதான் அந்தச் சட்டம்."

அது நியாயம். நியாயமாக இருந்ததால் கோபப்படவும் வழியில்லாமல் போனது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தோம். யோசித்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் யோசித்தேன், சீலன் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கடைசியில் அவர்தான் சொன்னார். "பிழையெண்டு சொன்னதை வைக்கிறதை விடச் சரியெண்டு சொன்னதை வைக்கலாம்தானே. அது நீரா இருந்தாலும் பரவாயில்லை. நீர் நல்ல ஆள்தான்." இப்படித்தான் முடிவெடுத்தோம்.

மற்ற முளையத்தை என்ன செய்வது என்று கேட்டபோது சீலன் அதை எறிய வேண்டாம் என்றார். அது இன்னும் கொழும்பில் உறைந்தபடி இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அந்தத் துளியும் பிழையாகச் சொல்லியிருக்கலாமே என்ற எண்ணம் எனக்கு இடைக்கிடை வருகிறது.

முளையத்தை உள்ளே வைப்பது நோகாத வேலை. சிறுநீர்ப்பை முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருப்பதுதான் பாடு. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்து நின்றது. அதுதான் என்றார்கள். இரத்தச் சோதனையில் கரு தங்கியது என்று வந்தபோது சீலன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மூன்று தடவை இதே இடத்தில் நின்று சந்தோஷப்பட்டிருந்தோம்.

ஏழாவது கிழமை, ஆய்வுகூடத்தில் நிற்கும்போது இரத்தம் கண்டது. அதிகம் இல்லை. ஆனால் அந்த நிறம் எனக்குத் தெரிந்த நிறம். மலசலகூடக் கதவில் சாய்ந்துகொண்டு, அப்போ அது நான்தான், துளியில் இருந்தது நான்தான் என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். ரிஸானா கதவைத் தட்டித் திறந்து, ஒன்றும் கேட்காமல் என்னைத் தாங்கிக்கொண்டுபோய் ஓட்டோவில் ஏற்றினாள். ஓட்டோக்கார அண்ணனிடம், "மெதுவாப் போங்க நானா, ஆனா நிக்காதீங்க" என்றாள்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வாட்டில் போட்டார்கள். ஸ்கான் அடுத்த நாள் காலமைதான். அதுவரைக்கும் படுத்திரு என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி, ஐந்து மாதம். எனக்குச் சிங்களம் அரைகுறை, அவளுக்குத் தமிழ் கால்வாசி. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பிஸ்கட் பெட்டியைத் திறந்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் ஒன்றை எடுத்துக் கடித்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் மாமி வந்தார். கையில் பிளாஸ்க், சீலனிடம் சாப்பாட்டுப் பாத்திரம். நான் எப்படிச் சொல்லத் தொடங்குவது என்று தடுமாறினேன். மாமி கட்டிலில் இருந்துகொண்டு பிளாஸ்க் மூடியைத் திருகினார்.

"பிள்ளை, மடுவுக்கு ஐஸ் பெட்டியோட போற ஆக்களை நான் வேற காணேல்லை" என்றார்.

ஊசி மருந்து பழுதாகாமல் இருக்க நான் கொண்டுபோன சின்ன ஐஸ் பெட்டி. அன்றைக்கே கண்டிருக்கிறார். அவ்வளவு காலமும் ஒரு சனத்துக்கும் மூச்சுவிடவில்லை. கோயிலிலும் சொல்லவில்லை. நானாகச் சொல்லும் வரைக்கும் பொறுத்திருந்தாராம். என்ன மருமகள் நான் என்று வெட்கமாக இருந்தது. மாமி சூப்பை ஊற்றித் தந்து, முழுக்கக் குடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலமை ஸ்கானில் இதயம் அடித்தது. சின்னதாக, படபடவென்று. கருப்பையில் ஒரு ஓரம் இரத்தம் கட்டி வடிந்திருக்கிறது, கருவுக்கு ஒன்றுமில்லை என்றார் ஸ்கான் பார்த்த டொக்டர். சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு விட்டார்கள். மூன்றாம் மாதம் தாண்டியது. ஸ்கான்களில் கை, கால், முள்ளந்தண்டு எல்லாம் சரியாக இருந்தன. வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்துச் சோதித்தால் நிச்சயமாகச் சொல்லலாம் என்றார்கள். சின்ன ஆபத்து உண்டு என்றதும் வேண்டாம் என்றேன்.

ஆணா பெண்ணா என்று ஸ்கான் அறையில் கேட்க வேண்டாம் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. வெளியே காசு கட்டிப் பார்த்திருக்கலாம். நான் போகவில்லை. பெண் என்று சொல்லிவிட்டால் மிச்ச மாதங்களை எப்படிக் கழிப்பேன் என்ற பயம். ஊரார் வந்து வயிற்றைப் பார்த்து ஒவ்வொரு சாத்திரம் சொன்னார்கள். எனக்கு ஆணும் ஒன்று, பெண்ணும் ஒன்று. உள்ளே இருப்பது நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரேயொரு காகிதம் என்னைப் பற்றிப் பேசியதா, பிள்ளையைப் பற்றிப் பேசியதா என்பதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை உதைக்கும்போது சந்தோஷம் வரும். சந்தோஷம் வந்த உடனேயே பின்னால் அந்தக் கேள்வியும் வரும். ஒரு சட்டைகூட வாங்கி வைக்கவில்லை.

வயதையும் பழைய கதையையும் பார்த்து, வயிற்றை வெட்டித்தான் எடுப்போம் என்று நாள் குறித்தார்கள். இடுப்புக்குக் கீழே விறைக்க ஊசி போட்டார்கள். முழிப்பாகத்தான் இருந்தேன். நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணி. இழுக்கிறார்கள், தள்ளுகிறார்கள் என்று தெரிகிறது, நோவு இல்லை. பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. பலமான சத்தம், நல்ல கோபம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிள்ளை மாறிவிட்டது என்று பிறகு ஒருவரும் சொல்லாமல் இருக்க, எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைத் துடைக்க முதல் தாய்க்கு முன்னால் பிடித்து, என்ன பிள்ளை என்று தாயின் வாயால் சொல்ல வைப்பார்கள். தாதி மிஸ்ஸி அப்படித்தான் துணிக்கு மேலால் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். "அம்மா, கண்ணைத் திறந்து பாருங்கோ. என்ன பிள்ளை எண்டு நீங்களே சொல்லுங்கோ."

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அந்தக் காகிதம் யாரைப் பற்றிப் பேசியது என்பது இனி ஒருபோதும் தெரியவராது, ஆனால் அதற்குப் பதிலாக முழு ஆள் ஒன்று காலை உதைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தது.

"நான் இல்லை" என்றேன்.

"என்ன சொல்றீங்கள்?"

"அது நான் இல்லை, மிஸ்ஸி. நான் இல்லை." சொல்லிக்கொண்டே அழுதேன், சிரிப்பும் வந்தது. விறைப்பு ஊசி தலைக்கு ஏறிவிட்டது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்ற டொக்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிள்ளையை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஓம், நீங்கள் இல்லை. இது உங்கட பிள்ளை. ஆணோ பெண்ணோ? நீங்கள் சொன்னாத்தான் நான் எழுதலாம்."

"மகன்" என்றேன்.